பதினேழாம் நாற்காலியின் புகார்

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் திட்டு வாங்குவது பெரியவளின் வேலை. நூறு என்று சும்மா கதைக்காகச் சொல்லவில்லை. ஒன்று குறைந்தாலும், அந்த நூறாவது திட்டைச் சூப்பர்வைசரே நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போவார்.

வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் செய்கிற கம்பெனியின் புகார் பிரிவு அது. ஜன்னல் இல்லாத நீளக் கூடம். நாற்பது நாற்காலிகள். ஒவ்வொரு தலையிலும் ஒரு ஹெட்போன், ஒவ்வொரு வாய்க்கு முன்னாலும் வளைந்து நிற்கும் ஒரு மைக். ஏழு வருடமாக அவள் பதினேழாம் நாற்காலி. "பதினேழு, சாப்பிடப் போலாமா?" என்றுதான் பக்கத்து நாற்காலிக்காரிகூடக் கூப்பிடுவாள்.

வேலையில் சேர்ந்த அன்று நான்கு விதிகளை அவளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எதிர்முனையில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது. அவர் சொன்ன புகாரை நம் வாயால் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்க வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. நான்காவதுதான் பெரிய விதி. என்ன திட்டினாலும் இணைப்பை நாம் முதலில் துண்டிக்கக் கூடாது.

இந்த நான்கையும் நாற்காலியில் கடுகளவும் பிசகாமல் கடைப்பிடிப்பவள், வீட்டு வாசற்படியில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டு உள்ளே வருவாள். வீட்டில் அவள் வாயைத் திறந்தால் தேள் கொட்டியது போலிருக்கும். அதிலும் தங்கையைக் கண்டால் கேட்கவே வேண்டாம்.

தங்கை, சின்னவள், கல்லூரியில் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பு மூன்றாம் வருடம். "பேசுறதுக்கு ஒரு டிகிரியாடி? உங்க அம்மாவுக்கு அப்ப டாக்டர் பட்டமே கொடுக்கணும்!" என்று சித்தி வரும்போதெல்லாம் சிரிப்பாள். சின்னவள் சளைக்காமல் நோட்டை விரித்து வட்டமும் அம்பும் போட்டு விளக்குவாள். சொல்கிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர், நடுவில் செய்தி, அந்தச் செய்தியைக் கெடுக்க வருகிற இரைச்சல் என்று. பெரியவள் அந்தப் படத்தைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் வயிறு எரியும்.

ஏனென்றால் அந்தப் படிப்பு அவளுடையது.

ஒன்பது வருடத்துக்கு முன் அதே கல்லூரியில், அதே பட்டப்படிப்பில் பெரியவளுக்கு இடம் கிடைத்தது. வானொலியில் பேச வேண்டும் என்பது அவளுடைய ஒரே கனவு. சேர்க்கை நாளன்று சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது கல்லூரி எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"உன் இடம்தான் போயிடுச்சேம்மா. உங்க வீட்லேருந்தே லெட்டர் வந்துச்சே?"

ஜன்னல் கம்பிக்கு அடியில் ஒரு தாளை நீட்டினார். 'என் மகள் சேர விரும்பவில்லை. அவளுடைய இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும்.' அடியில் அப்பாவின் கையெழுத்து.

அந்தத் தாளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் கறையோடு அதை வாங்கிப் படித்தார். தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மகளிடம், "ஆமா, நான்தான் போட்டேன்" என்றார்.

அதோடு சரி. பெரியவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள்.

ஒரு வாரமா, ஒரு மாதமா? இரண்டு வருடம்! ஒரே வீட்டுக்குள், ஒரே குழாயில் முகம் கழுவிக்கொண்டு, ஒரே கதவைத் திறந்து மூடிக்கொண்டு இரண்டு வருடம். நடுவில் ஒரு நாள் அப்பா எங்கிருந்தோ ஓட்டை உடைசலாக ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வந்து, ஒரு மாதம் உட்கார்ந்து பழுது பார்த்து, அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து அதைத் தூக்கி அவர் கட்டிலில் போட்டாள். அவர் அதைத் துணியில் சுற்றித் தன் அலமாரிக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் அப்பாவின் உதடுகள் அவளைப் பார்த்து அசைந்தன. ஓரக்கண்ணில் அது தெரிந்தும் அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பா போன மறுமாதம் பதினேழாம் நாற்காலி கிடைத்தது. தடுக்க ஆள் இல்லாத வீட்டில், காலம் வந்தபோது சின்னவள் அலட்டிக்கொள்ளாமல் போய் அதே படிப்பில் சேர்ந்துவிட்டாள். தனக்குக் கிடைக்காதது இவளுக்கு எப்படி இவ்வளவு சுளுவாகக் கிடைத்தது என்ற நெருப்பைப் பெரியவள் அணைய விடவே இல்லை.

இப்போது சின்னவள் பட்டம் வாங்கக் கடைசிப் பரீட்சையும் ஒரு படமும் பாக்கி. இருபது நிமிட ஆவணப்படம். "திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரு பெண்" என்று சொல்லி அக்காவையே பிடித்துக்கொண்டாள். பெரியவளும் மூன்று நாள் எடுக்க விட்டாள். பேருந்துக்கு நிற்பது, தலை வாருவது, வேலை முடிந்து வந்து காதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, எல்லாவற்றையும். ஆனால் படத்தில் வருகிறவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் துறையில் படத்தை வாங்க மாட்டார்கள். அங்கேதான் பெரியவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை கடைசி நாள்க்கா."

"எனக்கு எல்லா நாளும் கடைசி நாள்தான்."

"ஒரே ஒரு கையெழுத்து. படம் கொடுக்கலைன்னா மூணு வருஷப் படிப்பும் போச்சு, தெரியுமா?"

"தெரியும். போனா எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"நீ வேணும்னே பண்றே."

"ஆமாடி, வேணும்னேதான் பண்றேன். அவ்வளவு அவசரம்னா நீயே என் பேர்ல போட்டுக்கோயேன். அடுத்தவங்க வாழ்க்கைக்குக் கையெழுத்துப் போடுறது இந்த வீட்டுக்குப் புதுசா என்ன?"

சமையலறையில் அம்மாவின் கையிலிருந்து ஒரு தட்டு நழுவி உருண்டு உருண்டு நின்றது. செத்துப்போனவரைச் சொல்கிறாளே என்று அம்மாவுக்குக் கஷ்டம் போலும் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அம்மாவையும் பேட்டி எடுக்க வேண்டும். ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்கிற தோழிக்குக் காய்ச்சல். சின்னவள் படிவத்தைப் பற்றி மூச்சு விடாமல் ஹெட்போனை நீட்டினாள்.

"ஒரு மணி நேரம்தான்க்கா. சத்தம் சரியா வருதான்னு கேட்டாப் போதும்."

"லீவு நாள்லயும் காதைக் கொடுக்கணுமா?" என்று சொல்லிக்கொண்டேதான் மாட்டிக்கொண்டாள். அவள் தலை அந்தப் பட்டைக்குப் பழகிய தலை.

அம்மா நல்ல சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பின் ஓரத்தில் சின்னவள் காலர் மைக்கைக் குத்தினாள். கட்டைவிரல் நகமளவு மைக். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து கம்பியில்லாமல் பெரியவளின் காதுக்கு நேராக வருகிற குரல்.

"பெரியவளுக்குச் சின்ன வயசிலேருந்தே படிப்பில நாட்டம் கிடையாது" என்று அம்மா கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தாள். "அவங்க அப்பாவும் கொஞ்சம் பிடிவாதக்காரர். பொம்பளப் பிள்ளை கேமராவும் கையுமா ஆம்பளைங்களோட சுத்துறது அவருக்குப் பிடிக்கல. நான் எவ்வளவோ சொன்னேன்."

பெரியவள் பல்லைக் கடித்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. குறுக்கே பேசக் கூடாது.

பேட்டி முடிந்தது. "யாரும் எழுந்திரிக்காதீங்க. அறைச் சத்தம் எடுக்கணும்" என்றாள் சின்னவள். யாரும் பேசாமல், அசையாமல், வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். பின்னால் படத்தை வெட்டி ஒட்டும்போது பேச்சுக்கு நடுவே நிரப்ப அது தேவைப்படும். சரியாக அந்த நேரம் பார்த்து மேல் வீட்டில் சுவரில் துளை போட ஆரம்பித்தார்கள்.

"கடவுளே! ரிக்கார்டர் ஓடட்டும்க்கா. நான் போய் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிட்டு வரேன்." சின்னவள் படியில் ஓடினாள்.

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் செய்யக் கூடாத தப்பு அது. பேட்டி முடிந்ததும் முதல் வேலையாக மைக்கைக் கழற்ற வேண்டும். அவள் மறந்தாள். சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்த சித்தி, "அக்கா, சர்க்கரை எங்க?" என்று குரல் கொடுக்க, அம்மா எழுந்து போனாள். மைக்கும் கூடவே போனது.

பெரியவள் ஹெட்போனைக் கழற்றியிருக்கலாம். அந்த நான்காவது விதி அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

முதலில் டம்ளர் சத்தம். பிறகு சித்தியின் குரல், பக்கத்தில் நின்று காதில் சொல்வது போல.

"புதன்கிழமை சின்னவளைப் பார்க்கப் பையன் வீட்லேருந்து வராங்க. இந்த மாசமே முடிக்கணுமாம். இவ என்னடான்னா பரீட்சை, படம்னு குதிச்சிட்டிருக்கா."

"அதுக்கென்ன? காலேஜுக்கு ஒரு லெட்டர் கொடுத்தா முடிஞ்சது. இனி வர மாட்டான்னு."

"பெரியவளுக்குக் கொடுத்தியே, அதே மாதிரியா?" சித்தி சிரித்தாள். "அன்னிக்காவது பழியைச் சுமக்க அத்தான் இருந்தாரு. இன்னிக்கு யாருக்கா இருக்கா?"

பெரியவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுடி" என்றது அம்மாவின் குரல். "அவர் கையெழுத்தைப் போட எனக்கு எவ்வளவு நேரமாச்சு? ரேஷன் தாள்லேருந்து பள்ளிக்கூட ரிப்போர்ட் வரைக்கும் நான்தானே போட்டுட்டிருந்தேன். அவ அதைத் தூக்கிட்டு வந்து நின்னப்பதான் உயிரே போச்சு. அவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கல. நான்தான் போட்டேன்னுட்டார்."

"பைத்தியக்கார மனுஷன்."

"பிறகு நான் கேட்டேன், ஏங்க அப்படிச் சொன்னீங்கன்னு. 'என்னை வெறுத்தா நான் காலைல வேலைக்குப் போயிடுவேன். உன்னை வெறுத்தா அவ இந்த வீட்ல யார் கையால சாப்பிடுவா?'ன்னு கேட்டார்."

"அவ ரெண்டு வருஷம் பேசலையே. அப்பவாவது நீ சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லணும்? பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா என்கிட்ட ஒழுங்காப் பேசிட்டிருந்தாளே. எனக்கு அது நிம்மதியாத்தான் இருந்துச்சு."

நிம்மதி! ஐயோ, அந்தச் சொல்! ஏழு வருடமாக எத்தனையோ ஆயிரம் பேர் எத்தனையோ விதமாகத் திட்டிய சொற்களும் கீறாத இடத்தில் அந்த ஒரு சொல் போய் இறங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டில், அசைந்த உதடுகள், துணியில் சுற்றிய டேப் ரிக்கார்டர், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவள்மேல் சரிந்தன. படிக்க விடாத மனுஷன் எதற்காக ஒரு மாதம் உட்கார்ந்து அதைப் பழுது பார்த்தான் என்று அன்றைக்கு ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால்? ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

ஹெட்போனைக் கழற்றாமலே சமையலறைக்கு நடந்தாள். அம்மாவின் குரல் இப்போது இரண்டாகக் கேட்டது. காதுக்குள் ஒன்று, கண்ணெதிரில் ஒன்று.

"என்னடி, டீ வேணுமா?"

"நீங்க சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்றேன்" என்றாள் பெரியவள். "சரியான்னு மட்டும் சொல்லுங்க."

குரல் உயரவில்லை. பதினேழாம் நாற்காலியின் குரல். பிறந்ததிலிருந்து அம்மாவை 'நீ' என்றே கூப்பிட்டவள் 'நீங்க' என்றதும் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் காலேஜ் சீட்டை வேண்டாம்னு எழுதினது நீங்க. அப்பா கையெழுத்தைப் போட்டது நீங்க. அவர் பழியை ஏத்துக்கிட்டார். அவர் சாகிற வரைக்கும் நான் அவரோட பேசல. அது உங்களுக்கு நிம்மதியா இருந்துச்சு. இப்ப சின்னவளுக்கும் ஒரு லெட்டர் எழுதப் போறீங்க. சரியா?"

அம்மாவின் கண் தன் சேலைத் தலைப்புக்குப் போனது. குட்டி மைக் அங்கே கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! ஒட்டுக் கேட்டியா? பெத்த தாயையே..."

"கேட்கிறதுதாங்க என் வேலை. சரியா, இல்லையா?"

"உன் நல்லதுக்குத்தான்டி பண்ணினேன்! அப்ப ஒரு நல்ல இடம் வந்துச்சு. இந்தப் படிப்பு படிச்சா வேண்டாம்னாங்க."

"அந்த நல்ல இடம் எங்க?"

"அது... அவங்க வேற இடம் பார்த்துட்டாங்க."

சித்தி மெல்லச் செருப்பைத் தேடினாள். "சித்தி, புதன்கிழமை யாரும் வர வேண்டாம்னு சொல்லிடுங்க. வந்தா கதவை நான்தான் திறப்பேன்" என்றாள் பெரியவள், திரும்பிப் பார்க்காமலே. சித்தி போன வேகத்தில் ஒரு செருப்பு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அதை எடுக்கக்கூட அவள் திரும்பி வரவில்லை.

மேல்வீட்டுத் துளைச் சத்தம் நின்றது. "சரிக்கா, அமைதி! இப்ப எடுக்கலாம்!" என்று மூச்சிரைக்க ஓடி வந்த சின்னவள் இரண்டு முகங்களையும் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு ரிக்கார்டரை வாங்கி, கூடத்து மூலையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்தவளின் கன்னமெல்லாம் கண்ணீர். ஆனால் கண்ணில் கண்ணீரோடு இன்னொன்றும் மின்னியது.

"அக்கா, இதுதான் என் படம்" என்றாள் கிசுகிசுப்பாக. "இதைச் சேர்த்தா ஹால்ல ஒருத்தர் அழாம இருக்க மாட்டாங்க. துறையில முதல் பரிசே..."

பளாரென்று விழுந்தது ஓர் அறை. பெரியவள் அவளை அடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"என் அப்பா ரெண்டு வருஷம் வாயை மூடிட்டிருந்ததைப் போட்டுக் கைதட்டு வாங்கப் போறியா? உன் படிவம் எங்கடி?"

சின்னவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தாள்.

"கொண்டா. கையெழுத்துப் போடுறேன். நீ எடுத்த மூணு நாளுக்கும் போடுறேன். ஆனா இதை அழி. இப்பவே, என் கண் முன்னால."

"அழிச்சிட்டா நாளைக்கு அம்மா நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சாதிப்பாங்கக்கா. ஆதாரம் வேண்டாமா?"

"நான் கேட்டேன். அது போதும்."

சின்னவள் அழித்தாள். பெரியவள் படிவத்தில் தன் பெயரை எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிதானமாக எழுதினாள். "இது என் கையெழுத்து. நானே போட்டது. உன்மேல பாசம் பொங்கிடுச்சுன்னு நினைச்சுக்காதே. இன்னும் உன்னைப் பார்த்தா எனக்கு எரியத்தான் செய்யுது. ஆனா இன்னொருத்தி அந்தக் கம்பிக்கு முன்னாடி சான்றிதழைக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கக் கூடாது."

பிறகு அப்பாவின் அலமாரியைத் திறந்து அந்தத் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழிட்டாள். டேப் ரிக்கார்டரில் நாடா இல்லை. பிளக்கில் சொருகிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சக்கரம் மட்டும் கிறுகிறுவென்று சுற்றியது. அப்பா பழுது பார்த்தது இத்தனை வருடம் கழித்தும் ஓடுகிறது. அதன் பக்கத்தில் குனிந்து, "அப்பா" என்றாள். உலகத்தில் எந்தக் கருவியிலும் பதிவாகாமல் அவள் அன்று பேசியதை இங்கே எழுத எனக்கும் உரிமை இல்லை. வெயில் ஜன்னலைத் தாண்டிச் சுவரில் ஏறும்வரை பேசினாள் என்பது மட்டும் உண்மை.

வெள்ளிக்கிழமை படம் போய்ச் சேர்ந்தது. பின்னால் முடிவு வந்தபோது சின்னவள் தேறியிருந்தாள். பரிசு இல்லை.

அம்மா அந்த வாரம் முழுவதும் அழுதாள்; சாப்பிடாமல் கிடந்தாள்; எங்காவது போய்விடுகிறேன் என்று பையில் இரண்டு சேலைகளை மடித்து வைத்தாள். பெரியவள் பேசாமல் இருந்து தன்னைக் கொல்லுவாள், அவள் அப்பாவைக் கொன்ற மாதிரி, என்றுதான் அம்மா நினைத்தாள். அப்படி இருந்திருந்தால்கூட அம்மா எப்படியோ சமாளித்திருப்பாள்.

எட்டாம் நாள் காலை. பெரியவள் வேலைக்குக் கிளம்பி வந்து, அம்மாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேசாம இருக்க வேண்டிய ஆள் யாருன்னு தெரியாம, தப்பான ஆள்கிட்ட பேசாம இருந்துட்டேன். அந்தத் தப்பை இன்னொரு தடவை பண்ண மாட்டேன். தினமும் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்பேன். ஒண்ணே ஒண்ணு. நீங்க பதில் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

"என்னடி கேள்வி? அதுக்குப் பதிலா என்னைக் கொன்னுடேன்!"

"அந்த லெட்டரை எழுதின அன்னிக்கு அப்பா வீட்ல இருந்தாரா?"

அம்மா முகத்தைத் திருப்பினாள். திட்டினாள், சபித்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். பெரியவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடிகாரம் நகர்ந்தது. பேருந்து போயிருக்கும். பதினேழாம் நாற்காலி காலியாக இருக்கும். சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருப்பார். வாசலில் புத்தகப் பையோடு சின்னவள் நின்றாள்.

"இல்ல" என்றாள் அம்மா கடைசியில், சுவரைப் பார்த்து. "வேலைக்குப் போயிருந்தார். நீ காலேஜ்ல எழுத உனக்குப் பேனா வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போயிருந்தார்."

பெரியவள் அதைக் கேட்டாள். கண்ணை மூடித் திறந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நன்றிங்க. நாளைக்கு இதே நேரம் வரேன்."